வீட்டுச் செபம் சண்டையிலை முடியுது. எப்பிடிச் சரிப்படுத்திறது?

பனையடி_நிழல் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். நான் தென்னிந்தியத் திருச்சபை, இவரும் மாமியும் கத்தோலிக்கர். மகனுக்கு இந்த வருசம் ஓஎல் சோதினை, மகளுக்குப் பத்து வயது. வீட்டிலை கடன் கரைச்சல், அதாலை ஆளாளுக்குச் சினம். பின்னேரத்திலை எல்லாரும் ஒண்டாயிருந்து செபிச்சால் மனம் கொஞ்சம் ஆறும் எண்டு தொடங்கினால், அந்தச் செபமே சண்டையிலை போய் முடியுது.

மாமிக்குச் செபமாலையின்ரை 53 மணியும் சொல்லித்தான் எழும்பவேணும். மகன் பாதியிலை போனைத் தேடுவான். அவன்ரை படிப்புக்காக நான் வாய்விட்டுச் செபிச்சால் விறுக்கெண்டு எழும்பிப் போயிடுவான். இவர் ஒண்டும் கதையாமல் முகட்டைப் பாத்துக்கொண்டிருப்பார்.

எவ்வளவு நேரம் செபிக்கிறது, எதை வாசிக்கிறது, ரெண்டு சபை இருக்கிற வீட்டிலை எந்த முறையிலை செய்யிறது? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ. “விசுவாசமா இருங்கோ, எல்லாம் சரிவரும்” எண்டதை நிறையப் பேர் சொல்லிப்போட்டினம்.

---

வலிகாமம்_மறைக்கல்வி எழுதியது:

தங்கச்சி, உங்கட மகன் எழும்பிப் போற காரணம் உங்கட கேள்விக்குள்ளேயே இருக்கு. “ஆண்டவரே, இவனுக்குப் படிக்கிற புத்தியைக் குடும், போனை விடுகிற மனதைக் குடும்” என்று சொல்லும்போது பேச்சு கடவுளுக்கு, ஏச்சு பிள்ளைக்கு. கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளையால் மறுமொழி சொல்லவும் ஏலாது. அம்மா ஏசினால் வாய் காட்டலாம். அம்மா செபத்தில் ஏசினால் கடவுளும் அம்மாவோடு சேர்ந்துவிட்டார் என்றுதான் அவனுக்குப் படும். பல வீடுகளில் செபம் கெட்டுப்போகிறது இந்த இடத்தில்தான். நேரம், புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகு.

ஆகவே முதலாவது, ஒருவரைத் திருத்த வேண்டியதைச் செபத்துக்குள் கொண்டுவராதேங்கோ. மத்தேயு 18:15 சொல்வதும் தனியே போய்ப் பேசு என்றுதான். அவனோடு கதைக்க வேண்டியதைப் பகலில், அவனுடைய தங்கச்சி இல்லாத நேரத்தில், நேரே கதையுங்கோ. செபத்துக்கு இருக்கும்போது “உனக்கு என்ன கேக்கவேணும்?” என்று கேட்டு, அவன் சொன்னதை மட்டும் கேளுங்கோ. “ஒண்டுமில்லை” என்றால் அவன் பெயரைச் சொல்லி “இவனை ஆசீர்வதியும்” என்று நிப்பாட்டுங்கோ. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

நேரம் 12 நிமிடம் காணும். நான் சொல்லும் ஒழுங்கு இது. எல்லாரும் இருந்த பிறகு ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறது. பிறகு ஒரு சங்கீதம், ஒருவர் மட்டும் வாசிக்கிறது, ஒவ்வொரு நாளும் வேறு ஆள். அதன் பிறகு இன்று நடந்த ஒரு நல்ல காரியத்தை ஆளுக்கு ஒரு வசனத்தில் சொல்லி நன்றி. “சுகமா வைச்சிருக்கிறார்” என்பதைவிட “பஸ் நேரத்துக்கு வந்துது” என்பது நல்லது, ஏனென்றால் அது இன்று நடந்தது. பிறகு ஆளுக்கு ஒரு மன்றாட்டு. கடைசியில் இயேசு கற்பித்த செபம், அதோடு மாமி எல்லாருடைய நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கட்டும். உங்கட சபை வழக்கப்படி எண்ணாகமம் 6:24 முதல் 26 வரையுள்ள ஆசீர்வாதத்தை நீங்கள் சொல்லலாம். அதை வேண்டாம் என்று சொல்லுகிற கத்தோலிக்கர் எவரும் இருக்கமாட்டினம்.

வாசிக்கச் சங்கீதம் 4, 23, 46, 121, 127, 131, 133 ஆகிய ஏழையும் எடுங்கோ, கிழமைக்கு ஏழு நாள். எல்லாம் சின்னது. 131உம் 133உம் மூன்று மூன்று வசனம்தான். முடிந்ததும் திரும்பவும் 4 இல் தொடங்குங்கோ. மூன்றாவது சுற்றில் உங்கட மகளுக்குப் பாதி பாடமாகிவிடும், அதுதான் வேண்டியது. 119ஐத் தொட வேண்டாம், 176 வசனம். மாமியிடம் பழைய கத்தோலிக்கப் புத்தகம் இருந்தால் பெரும்பாலான சங்கீதங்களுக்கு அதில் ஒரு எண் குறைவாக இருக்கும். உங்கட 121 அதில் 120. அதைப் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் வேண்டாம். வாசித்த பிறகு விளக்கமும் வேண்டாம். விளக்கத்தில்தான் பிரசங்கம் நுழையும், பிரசங்கத்துக்குப் பின்னால் ஏச்சு நுழையும்.

டியூசன் முடிந்து மகன் வந்து முகம் கழுவின பிறகு, சாப்பாட்டுக்கு முன்னம் வையுங்கோ. சாப்பிட்ட பிறகு நித்திரை வரும். புட்டை அவியவிட்டுச் செபத்துக்கு வந்து இருக்காதேங்கோ, மனம் குசினிக்குள் நிற்கும். அவித்து இறக்கி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. பசியோடு இருந்தால் ஒருவரும் செபத்தை இழுக்கமாட்டினம், அதுவும் நல்லதுக்குத்தான்.

போன் விசயம்: ஐந்து பேரில் எத்தனை பேரிடம் இருக்கோ அத்தனையும் ஒரு மேசையில், சத்தம் நிப்பாட்டி. அப்பாவின் போன் சட்டைப் பையில் இருக்க மகனுடையதை மட்டும் வாங்கினால் அது தண்டனை.

ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். அதே 12 நிமிடம்.

---

பாசையூர்_செபமாலை எழுதியது:

மறைக்கல்வி ஐயா சொன்னதிலை எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மாமியின்ரை செபமாலையை விட்டிட்டார். வயசு போன ஆளிட்டை இருந்து அதைப் பறிச்சால் வீட்டிலை சமாதானம் எப்பிடி வரும்?

முழுச் செபமாலை ஆறுதலாச் சொன்னால் 20 நிமிசம் போகும். ஒரு பத்து மணி மட்டும் எண்டால், ஒரு கர்த்தர் கற்பித்த செபம், பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு திரித்துவப் புகழ், நாலு நிமிசம். எல்லாரும் சேந்து அந்த ஒரு பத்து மணியைச் சொல்லட்டும். மிச்ச நாலு பத்து மணியையும் மாமி படுக்கப் போகேக்கை சொல்லுவா. அவவோடை இருக்க விருப்பமான ஆள் இருக்கலாம், கட்டாயம் இல்லை. மாமியிட்டை இதை நீங்கள் சொல்லாமல் உங்கடை இவர் சொல்லவேணும். மருமகள் சொன்னால் சபைச் சண்டையாப் போகும், மகன் சொன்னால் வீட்டு ஒழுங்கு.

மறைபொருள் எண்டது மணி சொல்லேக்கை தியானிக்கிற, இயேசுவின்ரையும் மரியாளின்ரையும் வாழ்க்கை நிகழ்ச்சியள். அதுக்கு நாள் கணக்கு: திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளி மறைபொருள் 2002இலை பாப்பரசர் ரெண்டாம் யோவான் பவுல் சேர்த்தது. மாமி பழைய முறையிலை வியாழனுக்கு மகிழ்ச்சி சொன்னால் சொல்லட்டும், அது பிழையில்லை.

அக்கா, உங்களுக்கு “அருள் நிறைந்த மரியே” சொல்ல மனம் வராட்டில் சொல்ல வேண்டாம். அதின்ரை முன்பாதி லூக்கா 1:28உம் 1:42உம் தான், அதை மட்டும் சொல்லிப்போட்டு மிச்சத்துக்கு மௌனமா இருக்கலாம். இல்லையெண்டால் அண்டைய மறைபொருளுக்குரிய நற்செய்திப் பகுதியை நீங்கள் வாசியுங்கோ, அவை மணி சொல்லட்டும். வியாழக்கிழமைக்குக் கானாவூர்க் கலியாணம், யோவான் 2:1 முதல் 11. ஒரு வீட்டிலை பண்டம் முடிஞ்சுபோய், வந்த ஆக்களுக்கு முன்னாலை மானம் போகப்போற நேரம் அது. உங்கடை வீட்டுக்கு இப்ப அதைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியேல்லை.

தொழிலுக்குப் போற வீடுகளுக்கும் ஒண்டு சொல்லுறன். அந்தியிலை கடலுக்குப் போறவரை வைச்சுக்கொண்டு ஏழு மணிச் செபம் நடக்காது. படகுக்கு வெளிக்கிட முன்னம், படலையடியிலை நிண்டு ஒரு நிமிசம், நெற்றியிலை ஒரு சிலுவை. அண்டைக்கு அந்த வீட்டுச் செபம் அதுதான், அதுவே காணும்.

---

பனையடி_நிழல் எழுதியது:

ரெண்டு பேருக்கும் சரியான நன்றி. மகனிட்டை “என்ன கேக்க” எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னும் ஒண்டு. லோன்காரர் வாற கிழமை எண்டால் முதல் நாள் இரவு எனக்கும் இவருக்கும் நித்திரை இல்லை. செபிச்சாலும் நெஞ்சு படபடக்கிறது நிக்குதில்லை. விசுவாசம் குறைவோ எண்டு பயமாயிருக்கு.

---

கணக்கும்_கர்த்தரும் எழுதியது:

அக்கா, முதலில் அந்தக் கடைசி வசனத்தை விடுங்கள். சங்கீதம் 56:3 “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று சொல்கிறது. பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசுவே தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று மூன்று சீடரிடம் சொல்லி, கூட விழித்திருக்கச் சொன்னார். பயத்தை வாய்விட்டுச் சொல்லி ஆளைக் கூட இருக்கக் கேட்பது அவர் காட்டின வழி. தைரியம் என்று நாங்கள் நினைப்பது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பதை. அதனால்தான் நீங்கள் இருவரும் ஒரே பாயில் தனித்தனியாக முழித்திருக்கிறீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் போனில் கணக்குப் பார்க்க வேண்டாம். மூச்சை உள்ளே எடுக்கும்போது “நான் பயப்படுகிற நாளில்”, விடும்போது “உம்மை நம்புவேன்”. விடுகிற மூச்சு எடுக்கிறதைவிட நீளமாக இருக்க வேண்டும், படபடப்பைக் குறைப்பது அந்த நீண்ட மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். ஏதாவது ஒரு விசயம் விடாமல் வந்தால் தலைமாட்டில் ஒரு கொப்பி வைத்து அதில் ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள், காலையில் பார்க்கலாம்.

பகலில் செய்ய வேண்டியது வேறு. ஞாயிறு பூசை அல்லது ஆராதனை முடிந்து வந்து, பிள்ளைகள் வெளியில் நிற்கும்போது, நீங்களும் அவரும் ஒரு தாளோடு இருங்கள். லூக்கா 14:28இல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறானே, அது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாரிடம், இன்னும் எவ்வளவு, கட்டுகாசு எவ்வளவு, எந்தக் கிழமை, வட்டி என்ன, பிணைக்கு நின்றது யார். அடகில் இருக்கும் நகையும் சேர வேண்டும், சீட்டுக் கட்டுகிறதும் சேர வேண்டும், கடையில் கொப்பியில் ஏற்றினதும் சேர வேண்டும். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் எடுத்த கடன் ஒன்று பல வீடுகளில் இந்த இடத்தில்தான் வெளிவரும். அது வெளிவருகிற அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம், எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அன்றைக்கு ஏச்சு விழுந்தால் அடுத்த கடனும் ஒளிந்துகொள்ளும்.

முழுவதும் எழுதின பிறகு தாளை மேசையில் விரித்து வைத்து, அதன் மேல் கையை வைத்துச் செபியுங்கள். எசேக்கியா ராஜா அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தது ஏசாயா 37:14இல் இருக்கிறது. பிறகு அந்தக் கிழமைக்கு ஒரே ஒரு முடிவு மட்டும் எடுங்கள். உதாரணமாக, வட்டி கூடினதை முதலில் முடிக்கிறது, அல்லது தவணையைத் தள்ளிக் கேட்க இருவருமாகப் போகிறது. ஒருவர் மட்டும் போகாதீர்கள்.

இரண்டு காரியம் செய்யக்கூடாது. பழைய லோனை அடைக்கப் புதிய லோன், வட்டி குறைந்தால் ஒழிய, வேண்டாம். “காணிக்கை விதைத்தால் கடன் தீரும்” என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். இதை நான் கடுமையாகத்தான் சொல்கிறேன். 2 கொரிந்தியர் 9:7 கட்டாயமாய்க் கொடுக்க வேண்டாம் என்கிறது. தாய் தகப்பனுக்கு உதவ வேண்டியதைக் காணிக்கை என்று ஒதுக்கினவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டித்தார். பிள்ளையின் டியூசன் காசும் அந்தக் கணக்கில்தான் வரும்.

நித்திரையில்லாமை கிழமைக்கணக்கில் நீடித்தால், சாப்பாடும் இறங்காவிட்டால், ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்கில் காட்டுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். லூக்காவை “பிரியமான வைத்தியன்” என்று பவுல் எழுதினார். குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை.

---

வலிகாமம்_மறைக்கல்வி எழுதியது:

மன்னிப்பைப் பற்றி முதலில் எழுத விட்டுப்போச்சு. எபேசியர் 4:26 பொழுது சாயும் முன் கோபத்தை முடிக்கச் சொல்கிறது. அதற்காக இரவு பதினொரு மணிக்கு நியாயம் கதைத்து முடிக்கச் சொல்லவில்லை. களைத்த நேரத்தில் நியாயம் கதைத்தால் கோபம் வளரும். படுக்க முன் செய்ய வேண்டியது உங்கட பங்கை மட்டும் சொல்வது: “மத்தியானம் பிள்ளையளுக்கு முன்னாலை உங்களைக் கையாலாகாதவர் எண்டு சொன்னது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” சொன்ன சொல்லை அப்படியே எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் “ஆனால்” வரக்கூடாது. “உங்களுக்கு அப்பிடிப் பட்டிருந்தால்” என்பதும் மன்னிப்பு இல்லை. மிச்ச நியாயத்தை நாளைக்குக் கதைக்கலாம்.

பிள்ளைகளிடமும் இப்படித்தான் கேட்கவேண்டும், பெரியாக்கள் முதலில். கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குச் சொல்லும் எச்சரிக்கையே பிள்ளைகள் மனம் தளர்ந்துபோவார்கள் என்றுதான்.

---

சுன்னாகம்_சட்ட_உதவி எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் சினமும் கடனும் உள்ள வீட்டுக்குப் பொருந்தும். அடி உள்ள வீட்டுக்குப் பொருந்தாது. இதை வாசிக்கும் வேறு சகோதரிமாருக்காக எழுதுகிறேன்.

குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்குப் பக்கத்தில் இருந்து குடும்பச் செபம் செய்தால் வீடு சமாதானமாகும் என்று ஆலோசனை சொல்லக்கூடாது. “சிலுவையைச் சுமக்கிறாய்” என்றும் சொல்லக்கூடாது. 1 பேதுரு 3:7ஐ எடுத்துப் பாருங்கள், மனைவியைக் கனப்படுத்தாத கணவனின் ஜெபம் தடைப்படும் என்று இருக்கிறது. எச்சரிக்கை அவருக்கு. மன்னிப்பது அவருடைய நன்மைக்காகச் செபிக்கிற மனது. அதே இரவு அதே அறைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் பொலிசும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை 14 நாட்களுக்கு, பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரைக்கும். அடிப்பவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் கட்டளையிடலாம். இது விவாகரத்து வழக்கு இல்லை, கலியாணம் அப்படியே இருக்கும். கோயிலுக்குப் பயந்து பலர் பின்னிற்பது இது தெரியாததால். காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி, “விழுந்தனான்” என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், அந்தப் பதிவு பிறகு தேவைப்படும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான உறவுவீட்டில் வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929, உடனடி ஆபத்துக்கு 119.

பாதரிடமோ போதகரிடமோ போகும்போது தனியாகப் போங்கள். இருவரையும் ஒன்றாக இருத்தி “என்ன பிரச்சினை” என்று கேட்டால், வீட்டுக்குப் போய் அடிபடப்போகிறவர் உண்மை சொல்லமாட்டார்.

---

கோண்டாவில்_மருமகள் எழுதியது:

இவர் சைவம், சாமியறை இருக்கிற வீடு. நான் கிறிஸ்தவம். செபத்துக்கு வரச்சொல்லிக் கேக்கலாமோ?

---

பாசையூர்_செபமாலை எழுதியது:

தங்கச்சி, ஒருக்கால் கேளுங்கோ. இல்லையெண்டால் பேந்து கேக்க வேண்டாம். 1 பேதுரு 3:1 மனைவியின்ரை நடக்கையாலை, “போதனையின்றி” புருசனை ஆதாயப்படுத்தலாம் எண்டுதான் சொல்லுது. 1 கொரிந்தியர் 7:12 முதல் 15 வரையும் வாசியுங்கோ, சேந்து வாழ மனமுள்ள ஆளை விட வேண்டாம் எண்டும், கடவுள் எங்களைச் சமாதானத்துக்கு அழைச்சார் எண்டும் பவுல் அதிலைதான் எழுதினவர்.

அவர் சாமியறையிலை விளக்குக் கொளுத்திற நேரத்திலை நீங்கள் சத்தமாப் பாட்டுப் போடாதேங்கோ. உங்கடை செபம் 5 நிமிசத்திலை, ஒரு மூலையிலை, அமைதியா. பிள்ளையளை வைச்சு “அப்பாவையும் கூப்பிடு” எண்டு தூது விடவே கூடாது, பிள்ளை ரெண்டு பக்கத்துக்கும் நடுவிலை நிண்டு முழிக்கும். சாப்பாட்டிலை சேருறது லேசு. அவருக்கு வெள்ளி மரக்கறி, தவக்காலத்து வெள்ளியிலை கத்தோலிக்கருக்கும் இறைச்சி இல்லை. வெள்ளிச் சாப்பாட்டை எல்லாருக்கும் ஒரே சட்டியிலை சமைச்சு, ஒண்டா இருந்து சாப்பிடுங்கோ. சாப்பிட முன்னம் ஒரு நிமிசம் எல்லாரும் பேசாமல் இருக்கலாம், அவர் தன்ரை சாமியை நினைப்பார், நீங்கள் செபியுங்கோ. அமைதியான ஒரு நாள் வேணுமெண்டால் மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்துக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கோ, அந்த வழிபாட்டிலை அவருக்கும் அந்நியமாத் தெரியாது.

பிள்ளையின்ரை ஞானஸ்நானம் மட்டும் பேசி முடிவெடுக்கவேண்டிய காரியம். அவருக்குச் சொல்லாமல் செய்யாதேங்கோ. இன்னும் பேசேல்லையெண்டால், உங்கடை அம்மா ஆக்களைக் கூப்பிடாமல் நீங்கள் ரெண்டு பேரும் மட்டும் இருந்து முதல்லை கதையுங்கோ.